வயலில் 112 பிபிஎம் குரோமியம்: யார் போட்டது?

கேட்டவர் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாக வருகிறவர்களுக்கும் புரியும். வலங்கைமான் பக்கம் மூன்று ஏக்கர் கருங்களி வயல். எட்டு வருடமாக மூட்டை உரம் தொடாமல் மாப்பிள்ளைச் சம்பாவும் தூயமல்லியும் நடுகிறார். அரிசி வாங்க வந்தவர்கள் மண்ணைப் பரிசோதித்துத் தரச் சொன்னார்கள். அறிக்கையில் குரோமியம் 112 பிபிஎம் (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது கிலோ மண்ணுக்கு ஒரு மில்லிகிராம்), நிக்கல் 61. இரண்டுக்கும் எதிரே வரம்பு 50 என்று அச்சடித்து, எண்களைச் சிவப்பாக்கி அனுப்பியிருக்கிறார்கள். மற்றவை செம்பு 43, துத்தநாகம் 86, ஈயம் 15, ஆர்சனிக் 4, காட்மியம் ‘0.5க்குக் கீழ்’, இரும்பு 5.8 சதவீதம். கூடவே கபிஸ்தலம் பக்கம் கொள்ளிடக்கரையில் இருக்கும் மாமாவின் படுகை நிலத்து மண்ணையும் கொடுத்திருக்கிறார். அங்கே குரோமியம் 48, நிக்கல் 24, செம்பு 11, துத்தநாகம் 41, ஈயம் 13, இரும்பு 2.3 சதவீதம். சிவப்பு ஒன்றுகூட இல்லை. மாமா இன்றும் டிஏபி என்ற பாஸ்பேட் உரமும் யூரியாவும் போடுகிறவர். “ரசாயனம் போடுகிற மாமா நிலம் சுத்தம், போடாத என் நிலம் விஷமா? டெல்டா மண்ணில் இயற்கையாகவே கன உலோகம் எவ்வளவுதான் இருக்கும்?” இதுதான் கேள்வி.

இதில் கேள்வி ஒன்றல்ல, இரண்டு. இயற்கை அளவு எவ்வளவு என்பது ஒன்று. என் வயலில் இருப்பதை யார் போட்டது என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் மனதை அரிக்கிறது என்று எழுத்திலேயே தெரிகிறது. நான் முப்பது வருடத்துக்கு மேல் மண் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன், அதில் பெரும்பகுதி டெல்டா மண்தான். வயலை நேரில் பார்க்காமல், ஒரு தாள் அறிக்கையை வைத்துச் சொல்வதால் எது உறுதி, எது ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

உறுதியானதில் முதலாவது, அந்த 50 என்ற வரம்பு மண்ணுக்கானதே அல்ல. 1985ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையில் நகரக் கழிவிலிருந்து செய்யும் கம்போஸ்ட்டுக்கு உலோக வரம்பு இருக்கிறது: குரோமியம் 50, நிக்கல் 50, ஈயம் 100, செம்பு 300, துத்தநாகம் 1000, காட்மியம் 5, ஆர்சனிக் 10. உங்கள் அறிக்கையின் வரம்புப் பத்தி வரிக்கு வரி அதுதான். கம்போஸ்ட் என்பது இலை, காய்கறிக் கழிவு மக்கியது. அதில் குரோமியம் 50ஐத் தாண்டினால் ஏதோ கலந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். மண் என்பது பாறை மக்கியது. பூமியின் கண்ட மேலோட்டின் மேல்பகுதியில் குரோமியத்தின் சராசரியே சுமார் 92 பிபிஎம், நிக்கல் 47. களிமண் இறுகிப் பாறையானால் கிடைக்கும் ஷேல் கல்லில் உலக சராசரி குரோமியம் 90, நிக்கல் 68, செம்பு 45, துத்தநாகம் 95, ஈயம் 20. உங்கள் வயலின் எண்களை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கருங்களி வயலை கம்போஸ்ட் அட்டவணையில் வைத்து மதிப்பெண் போட்டால் குளத்து வண்டலும் தோற்கும், ஆற்றுச் சேறும் தோற்கும், குலதெய்வத்துக்கு மண்குதிரை செய்யும் களியும் தோற்கும்.

சரி, மண்ணுக்கென்று வரம்பே இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் ஒவ்வொன்றும் ஒரு காரியத்துக்காகச் செய்தது. ஐரோப்பாவில் 1986ஆம் ஆண்டு ஆணை ஒன்று, சாக்கடைக் கசடை உரமாகப் போடும் நிலத்துக்கு நிக்கல் 30 முதல் 75, செம்பு 50 முதல் 140, காட்மியம் 1 முதல் 3 என்று வைத்தது. குரோமியத்துக்கு எண்ணே வைக்கவில்லை. நம் நாட்டு ஆய்வுக் கட்டுரைகள் வழக்கமாக எடுத்தாளும் அட்டவணையில் நிக்கல் 75 முதல் 150. பின்லாந்தின் 2007ஆம் ஆண்டு ஆணை இன்னும் தெளிவு: குரோமியம் 100, நிக்கல் 50 தாண்டினால் ஆராய்ந்து பார், ஆனால் அந்த வட்டாரத்தின் பின்னணி அளவே அதைவிட அதிகம் என்றால் பின்னணியையே வரம்பாக எடுத்துக்கொள் என்கிறது. விதி எழுதியவர்களே பாறைக்கு முன்னால் கொஞ்சம் பணிந்துதான் போயிருக்கிறார்கள்.

அப்படியானால் டெல்டாவின் பின்னணி எங்கிருந்து வருகிறது? மேலே இருந்துதான். டெல்டாவில் சொந்தப் பாறை என்று ஒன்றும் இல்லை. வலங்கைமானில் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டினால் கல் தட்டாது. உங்கள் வயலின் ஒவ்வொரு பொடியும் குடகிலோ, மைசூர்ப் பக்கமோ, நீலகிரியிலோ, சேலம் நாமக்கல்லிலோ ஒரு காலத்தில் கல்லாக இருந்தது. அந்த வழியில் கருநிறப் பாறைகள் நிறைய உண்டு. கர்நாடகத்தில் ஹாசன், மைசூர் மாவட்டங்களில் குரோமியத் தாதுவான குரோமைட் வெட்டி எடுத்திருக்கிறார்கள். சேலத்துக்கு வடக்கே வெள்ளைக்கல் வெட்டுகிற மேக்னசைட் குன்றுகள், பூமியின் ஆழத்திலிருந்து வந்த பாறைகள். மக்னீசியம், குரோமியம், நிக்கல் மூன்றும் கூடவே வரும் இனம். நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி இருக்கிறதே, சந்திரயான் 2 சோதனைக்கு நிலவு மண் மாதிரி செய்ய இஸ்ரோ கல் எடுத்துப்போன ஊர், அங்கே அனார்த்தசைட் என்ற வெள்ளைப் பாறைக்கு நடுவே பட்டை பட்டையாகக் குரோமைட் ஓடுகிறது. இதெல்லாம் காவிரியின் வடிநிலத்துக்குள்தான் இருக்கிறது. ஆயிரக்கணக்கான வருடம் ஆடிப்பெருக்குக்கு ஆடிப்பெருக்கு செந்தண்ணீர் இதையெல்லாம் அரைத்துக் கொண்டுவந்து பரப்பியது. 1934ல் மேட்டூர் அணை வந்த பிறகு அந்த வண்டலில் பெரும்பங்கு அணைக்குள்ளேயே படிந்துவிடுகிறது. ஆகவே உங்கள் வயலில் இருப்பது பெரும்பாலும் தாத்தாவுக்கும் தாத்தா காலத்து மேற்கத்தி மண்.

இதைக் கண்ணால் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. தண்ணீர் வடிந்த பிறகு ஆற்று மணலில் கையகல அலைவரிகளுக்கு இடையே கறுப்பாக மை தீற்றியதுபோல் ஒரு கோடு இருக்கும். பள்ளிக்கூட நாளில் பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்தை நூலில் கட்டி அதற்குள் இழுத்துக்கொண்டே நடப்போம். காந்தம் முள்ளம்பன்றி மாதிரி மயிர் சிலிர்த்து வரும். ஒட்டியது மேக்னடைட். ஒட்டாமல் கீழே நின்ற கறுப்பில் இல்மனைட்டும், சிவப்புப் பொட்டாகக் கார்னெட்டும். இந்தக் கனமான மணிகளோடு ஒரு சிட்டிகை குரோமைட்டும் சேர்ந்துகொண்டால் போதும், அந்த மணலில் குரோமியம் எகிறும். கரையில் சாயப்பட்டறையோ தோல் ஷெட்டோ இல்லாவிட்டாலும் எகிறும்.

இனி மாமா நிலத்துக்கு வருவோம். ஆறு மண்ணைக் கொண்டுவருவதோடு நிற்பதில்லை, சலித்தும் போடுகிறது. வெள்ளம் கரையை மீறும்போது கனமான மணல் கரையோரத்திலேயே விழுந்துவிடும். அதுதான் படுகை. நுண்ணிய களி மட்டும் தண்ணீரோடு உள்ளே போய், தேங்கிய இடத்தில் மெல்லப் படியும். அதுதான் உங்கள் கருங்களி. மண் ஆய்வாளர்களின் வரைபடத்திலும் படுகைத் தொடர், களத்தூர்த் தொடர் என்று இரண்டும் தனித்தனி. மணல் என்பது பெரும்பாலும் குவார்ட்ஸ் மணி, அதில் உலோகம் ஒட்ட இடமில்லை. களியிலும் இரும்புத் துருவிலும்தான் குரோமியம், நிக்கல், செம்பு, துத்தநாகம் எல்லாம் தங்கும். எனவே ஒரே ஆற்று மண்ணிலும் களி இரண்டு மடங்கானால் உலோகமும் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். மாமா நிலத்தின் எண் குறைவாக இருப்பதற்குக் காரணம் சுத்தம் அல்ல, மணல்.

இதைச் சரிபார்க்க ஒரு எளிய கணக்கு இருக்கிறது. நல்லவேளை உங்கள் ஆய்வுக்கூடம் இரும்பையும் அளந்திருக்கிறது. குரோமியத்தை இரும்பால் வகுங்கள். உங்கள் வயல் 112 வகுத்தல் 5.8, அதாவது 19.3. மாமா நிலம் 48 வகுத்தல் 2.3, அதாவது 20.9. நிக்கலுக்கும் அப்படியே: உங்களுக்கு 10.5, மாமாவுக்கு 10.4. இரண்டு நிலமும் ஒரே சட்டியிலிருந்து அள்ளிய குழம்பு, ஒன்றில் தண்ணீர் அதிகம், அவ்வளவுதான். மாமா நிலத்தில் 48க்குப் பதில் 90 என்று வந்திருந்தால், அது உங்கள் 112ஐவிடச் சின்ன எண்ணாக இருந்தும், நான் வண்டி ஏறி வந்து பார்த்திருப்பேன்.

இன்னொரு கணக்கு, இது விவசாயிகளுக்கு உடனே பிடிபடும். ஒரு ஏக்கரில் மேல் ஆறு அங்குல மண்ணின் எடை தோராயமாக 8 லட்சம் கிலோ. அதில் குரோமியத்தை 50லிருந்து உங்கள் அளவுக்கு, அதாவது சுமார் 60 பிபிஎம் ஏற்ற வேண்டுமானால் ஏக்கருக்கு 48 கிலோ குரோமியம் உள்ளே வந்திருக்க வேண்டும். உப்பாக அல்ல, உலோகக் கணக்கில். உங்கள் மூன்று ஏக்கருக்கு 144 கிலோ. தோல் பதனிடும் கழிவைப் பல வருடம் நேரே பாய்ச்சிய வயலில் அப்படி நடக்கும். அதற்கு நிறம் உண்டு, நாற்றம் உண்டு, ஊரே சாட்சி சொல்லும். வலங்கைமான் உள்வாய்க்கால் மடையில் யாருக்கும் தெரியாமல் 144 கிலோ குரோமியம் வந்து இறங்க வழியில்லை. தவிர, தோல் கழிவென்றால் குரோமியம் மட்டும் ஏறும், நிக்கல் கூட வராது. உங்களுக்கு இரண்டும் கைகோத்து ஏறியிருக்கின்றன. அது பாறையின் கைரேகை.

ஆனால் அதே கணக்கைச் செம்புக்குப் போட்டால் கதை வேறு. உங்கள் வயலில் செம்பு வகுத்தல் இரும்பு 7.4, மாமாவுக்கு 4.8. மாமா நிலத்து விகிதமே இயற்கை என்று வைத்துக்கொண்டால் உங்கள் வயலில் 28 பிபிஎம் இருக்க வேண்டும், 15 மிகை. 15 பிபிஎம் என்றால் ஏக்கருக்கு 12 கிலோ செம்பு. உங்கள் கேள்வியின் கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தீர்கள்: தாத்தா காலத்தில் வயலில் பாதி வெற்றிலைக் கொடிக்கால். கொடிக்காலில் வாடல் வந்தால் மயில்துத்தமும் (செம்புச் சல்பேட்) சுண்ணாம்பும் கரைத்த போர்டோ கலவையை வேரில் ஊற்றுவார்கள், கொடியில் அடிப்பார்கள். 12 கிலோ செம்புக்கு ஏறக்குறைய ஒரு மூட்டை மயில்துத்தம் போதும். கொடிக்கால் வைத்த கைக்கு அது பத்து, பதினைந்து வருடச் செலவு. செம்பு மண்ணை விட்டு எளிதில் போகாது. ஆக, அறிக்கையில் மனிதக் கை தெரிகிற உலோகம் சிவப்பில் இல்லாத ஒன்று. பயப்படவும் தேவையில்லை, 43 என்பது பயிரைத் தொந்தரவு செய்யும் அளவுக்குப் பக்கத்தில்கூட இல்லை. இது ஊகம் என்றுதான் சொல்வேன், ஏனென்றால் செம்பு மக்கிலும் நன்றாக ஒட்டும், எட்டு வருடமாகத் தொழுவுரம் போட்ட களியில் கொஞ்சம் கூடுதலாகத் தங்குவது இயல்பு. கொடிக்கால் இருந்த பாதியையும் இல்லாத பாதியையும் தனித்தனி மாதிரியாக எடுத்தால் ஒரே நாளில் தீர்ந்துவிடும் சந்தேகம் இது.

ஈயத்தில் இந்த வகுத்தல் கணக்கு காலை வாரிவிடும், அதையும் சொல்ல வேண்டும். உங்களுக்கு 2.6, மாமாவுக்கு 5.7. பார்த்தால் மாமா நிலத்தில் ஈயம் கலந்ததுபோல் இருக்கும். ஈயத்தின் ஒரு பங்கு பொட்டாசியம் உள்ள பெல்ட்ஸ்பார் கல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும், அந்தக் கல் மணலோடுதான் வரும், களியோடு அல்ல. ஆகவே மணல் நிலத்தில் ஈயத்தை இரும்பால் வகுத்து யாரையும் குற்றவாளி ஆக்கக் கூடாது. சாலையை ஒட்டிய வயலாக இருந்தால், 2000ஆம் ஆண்டு வரை ஈயம் கலந்த பெட்ரோல் ஓடிய மிச்சம் மேல்மண்ணில் கொஞ்சம் இருக்கலாம். 13 பிபிஎம் உலக சராசரிக்கும் கீழே, அதனால் கடந்து போவோம். துத்தநாகத்தில் மாமாவின் விகிதம் சற்றே கூடுதலாக இருப்பதற்கு அவர் போடும் சிங்க் சல்பேட் காரணமாக இருக்கலாம். ஏக்கருக்குப் பத்துக் கிலோ போட்டால் ஒரு தடவைக்கு 2.6 பிபிஎம் ஏறும்.

துத்தநாகத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்று. 86 பிபிஎம் துத்தநாகம் இருக்கும் இதே களியில் நட்ட இருபதாம் நாள் நாற்று வெளிறி, துருப்பிடித்ததுபோல் புள்ளி விழுந்து துத்தநாகம் கேட்டு நிற்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். காரணம், 86 என்பது மண்ணைச் சூடான அமிலத்தில் கரைத்து எடுத்த மொத்தம். வேருக்குக் கிடைப்பது அதில் ஒன்றோ இரண்டோ பிபிஎம். அதை அளக்க டிடிபிஏ என்ற வேறு கரைசல் உண்டு. தமிழ்நாட்டில் அந்த முறையில் 1.2 பிபிஎம்முக்குக் கீழே போனால் துத்தநாகப் பற்றாக்குறை என்று பரிந்துரை. குரோமியத்துக்கும் நிக்கலுக்கும் இதே நியாயம்தான், இன்னும் கூடுதலாக. குரோமைட் மணிக்குள் இருக்கும் குரோமியம் வீட்டு அஸ்திவாரத்துக்குள் இருக்கும் கம்பி மாதிரி, நெல் வேர் அதைத் தொட முடியாது. அபாயமான ஆறு இணைதிறன் குரோமியம், சேறு அடித்துத் தண்ணீர் கட்டிய வயலில் மூன்று இணைதிறனாக மாறி அடங்கிவிடும்.

ஒரே மண்ணுக்கு இரண்டு ஆய்வுக்கூடம் இரண்டு குரோமியம் சொல்வதும் இதனால்தான். ராஜதிராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) வேகவைத்தால் குரோமைட் முழுதாகக் கரையாது. ஹைட்ரோபுளூரிக் அமிலம் சேர்த்தாலோ, எக்ஸ் கதிரில் வைத்து அளந்தாலோ எண் கூடும். அறிக்கையில் முறை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், எழுதவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். முறை தெரியாத எண்ணை இன்னொரு ஊர் எண்ணோடு ஒப்பிடுவது, மரக்கால் அளவையும் கிலோவையும் கூட்டுவது மாதிரி. மாதிரி எடுத்த கருவியும் முக்கியம். நான் சேர்ந்த புதிதில் ஒரு கிராமத்து மாதிரிகள் அத்தனையிலும் கிடைக்கும் துத்தநாகம் ஆறு, ஏழு பிபிஎம் என்று வந்தது. டெல்டாவில் அப்படி வந்தால் கொண்டாட வேண்டிய விஷயம், அறிக்கையும் அடித்து அனுப்பிவிட்டோம். மூன்று வாரம் கழித்து அந்த ஊருக்குப் போனபோது களப்பணியாளர் மண்ணைக் கலந்த வாளியைத் திண்ணையில் பார்த்தேன். துத்தநாகம் பூசிய தகர வாளி, உள்பக்கம் சுரண்டிச் சுரண்டி வெள்ளிபோல் மின்னியது. எல்லா அறிக்கையையும் திரும்ப வாங்கி மறுபடி எடுத்தோம், திட்டு என் கணக்கில். பின்னால் எஃகு அரவையில் மண்ணைப் பொடித்து குரோமியமும் நிக்கலும் ஏறிப்போனதையும் பார்த்திருக்கிறேன். உங்கள் விஷயத்தில் இரண்டு மண்ணும் ஒரே கூடத்தில் ஒரே நாளில் பொடித்தவை, களியில் மட்டும் ஏறியிருக்க நியாயமில்லை என்பதால் இதைப் பெரிதாக எடுக்கவில்லை.

இனி சந்தேகமான பகுதி. “எங்கள் ஊர் மண்ணின் சுத்தமான இயற்கை அளவு இது” என்று ஒரே எண்ணாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டாயிரம் வருடமாக உழுகிற நாட்டில் மனிதக் கை படாத மேல்மண் கிடையாது. பயிர் செய்யாத திடலில் எடுத்து ஒப்பிடலாமே என்று தோன்றும். நானும் அப்படி எடுத்திருக்கிறேன். முழங்கால் ஆழத்தில் ஓட்டாஞ்சில்லும், சாம்பலும், பச்சைப் பாசிபோல் செம்புத் துருவும் வந்தது. பழைய குடியிருப்பு. அந்தத் திடலைவிட வயலே சுத்தம். அதனால்தான் மண்ணியலில் பாறை கொடுத்த பின்னணி என்றும், எங்கும் பரவிவிட்ட மனிதச் சேர்க்கையையும் உள்ளடக்கிய வழக்கமான பின்னணி என்றும் இரண்டாகப் பிரிக்கிறார்கள். முதலாவதைத் தேட ஆழத்துக்குப் போக வேண்டும். திருவிடைமருதூர்ப் பக்கம் செங்கல் சூளைக்கு மண் வெட்டிய குழிக்குள் இறங்கி நின்றால் சுவரில் ஆற்றின் நாட்குறிப்பே தெரியும்: மேலே ஒரு முழம் கருங்களி, அதன் கீழ் விரல்கடை அகலத்துக்கு வெளிர் மணல், பிறகு துருப்புள்ளி விழுந்த பழுப்புக் களி, அதற்குள் சுக்கான்கல் உருண்டைகள். மேல்மண்ணில் அதிகம், கீழே குறைவு என்றால் மனிதச் சேர்க்கை என்பது பொதுவான பாடம். டெல்டாவில் கீழே இருப்பது வேறொரு வெள்ளத்தின் மண், மணல்பட்டையைத் தொட்டுவிட்டால் எல்லா உலோகமும் குறைந்துதான் தெரியும். போதாக்குறைக்கு நெல் வயலில் தண்ணீர் கட்டும்போது இரும்பு கரைந்து கீழே இறங்கி, உழவுப் படிவுக்கு அடியில் மறுபடி துருவாகப் படிகிறது, ஆர்சனிக்கும் கூடவே நகரும். எனவே ஆழத்தை ஒப்பிடும்போதும் வகுத்தல் கணக்கு வேண்டும், அதுவும் இரும்பைவிட இடம் மாறாத அலுமினியத்தால் வகுத்தால் நம்பிக்கை கூடும்.

இன்னொரு சிக்கல் காவிரியில் வந்து கலக்கும் திருமணிமுத்தாறு. சேலத்துப் பாறையையும் அதுதான் கொண்டுவருகிறது, சேலத்துச் சாக்கடையையும் அதுதான் கொண்டுவருகிறது. நொய்யலும் அமராவதியும் சாய ஊர்களைத் தொட்டு வருபவை. காவிரியில் அடித்துவரும் நுண்சேற்றில் எவ்வளவு பாறை, எவ்வளவு பட்டறை என்று ஒரு வயலின் மண்ணை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. உங்கள் வயலில் பெரும்பங்கு பாறை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒரு துளிகூட மேற்கத்திக் கழிவு இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை நண்பர்கள் இந்தப் பதிலை அப்படியே தங்களுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். அது கல்லணைக் கால்வாய் பாயும் செம்மண், செம்புரை நிலம். இரும்பு எக்கச்சக்கம், புளிப்பும் கூடுதல். அங்கே இதே எண்ணுக்கு வேறு பொருள்.

கடைசியாக, அறிக்கையில் யாரும் கண்டுகொள்ளாத வரி: காட்மியம் ‘0.5க்குக் கீழ்’. பார்க்க நிம்மதியாக இருக்கும், ஆனால் அது ஒன்றும் சொல்லவில்லை. மேலோட்டின் சராசரிக் காட்மியமே 0.09 பிபிஎம்தான். 0.1 இருந்தாலும் 0.4 இருந்தாலும் உங்கள் கூடத்தின் கருவிக்கு ஒரே பதில். ஜப்பானில் ஜின்சு ஆற்றுப் பாசன நெல்லில் ஏறி எலும்பை நொறுக்கிய இதாய்-இதாய் நோயைக் கொண்டுவந்தது குரோமியமோ நிக்கலோ அல்ல, இந்தக் காட்மியம், அதுவும் மேலே இருந்த சுரங்கத்திலிருந்து. நம் வயலுக்கு அது வரக்கூடிய வழி பாஸ்பேட் உரம். ஐரோப்பா இப்போது ஒரு கிலோ பாஸ்பேட்டுக்கு 60 மில்லிகிராம் காட்மியம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. அந்த உச்சத்தையே எடுத்துக்கொண்டாலும் ஏக்கருக்கு ஒரு மூட்டை டிஏபி 0.0017 பிபிஎம்தான் ஏற்றும். ஐம்பது வருடம், இரண்டு போகம், நூறு மூட்டை என்றால் 0.17. சின்ன எண்தான், ஆனால் இயற்கை அளவைப்போல் இரண்டு பங்கு. அடியில் நடக்கும் இந்த மாற்றம் 0.5இல் கண்ணை மூடிக்கொள்ளும் கருவிக்குத் தெரியவே தெரியாது.

காட்மியம் நெல்லுக்குள் ஏறுவதும் ஏறாததும் மண்ணைவிடத் தண்ணீரைப் பொறுத்தது. வயலில் தண்ணீர் நின்றால் காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கெட்டியாகிவிடும். பூக்கும் பருவத்தில் காய்ந்தால் விடுபட்டு மணிக்குள் ஏறும். ஆர்சனிக் நேர் எதிர், தண்ணீர் நின்றால்தான் அது கரையும். உங்கள் சம்பாக் களி ஐப்பசி மழையிலிருந்து மார்கழி வரை நனைந்தே கிடக்கும், மண் காரத்தன்மையும் உடையது, காட்மியத்துக்கு அது நல்ல பூட்டு. ஆர்சனிக் 4 என்பதும் உலக சராசரிக்குள்.

ஆகவே அரிசி வாங்குகிறவர்களுக்கு மண் அறிக்கையைத் திருத்திக் கொடுக்கப் போராடுவதைவிட அரிசியையே பரிசோதித்துக் கொடுங்கள். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பின் வரம்பு, கிலோவுக்கு மில்லிகிராம் கணக்கில், தீட்டிய அரிசிக்குக் காட்மியம் 0.4, கனிம ஆர்சனிக் 0.2, உமி மட்டும் நீக்கிய அரிசிக்குக் கனிம ஆர்சனிக் 0.35, தானியத்தில் ஈயம் 0.2. மாப்பிள்ளைச் சம்பாவைத் தவிட்டோடு விற்பதாக இருந்தால் தவிட்டோடே கொடுங்கள், ஆர்சனிக் தவிட்டில்தான் அதிகம் இருக்கும். மிக நுண்ணிய அளவையும் காட்டும் ஐசிபி மாஸ் கருவி உள்ள கூடமா, காட்மியத்தை 0.01 வரை காட்டுவார்களா என்று முதலிலேயே கேளுங்கள். மண்ணையும் மறுபடி எடுப்பதானால் மூங்கில் சிராயோ பிளாஸ்டிக் கரண்டியோ போதும், வயலுக்குப் பத்துப் பதினைந்து இடத்தில் ஆறு அங்குலம் வரை, பிளாஸ்டிக் தட்டில் கலந்து, கொடிக்கால் பாதி தனி, மற்றது தனி. அலுமினியமும் மக்னீசியமும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள்.

அனுப்பும்போது மாமா அறுத்த நெல்லிலிருந்தும் ஒரு கிலோ அரிசி கட்டி அனுப்புங்கள். மணல் நிலம், சீக்கிரம் காயும் படுகை, வருடந்தோறும் டிஏபி. காட்மியத்தைத் தேடுவதென்றால் நான் முதலில் தேடும் இடம் உங்கள் சிவப்பு எண் வயல் அல்ல, அந்தச் சுத்தமான அறிக்கை வாங்கிய நிலம்தான்.